சீட்டுக்கு அடியில் ஒரு கங்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, எல்லாரும் ஆபீசுக்கு ஓடுகிற நேரத்தில், ஒரு பெட்ரோல் பங்கில், என் மனைவியின் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பக்கத்து வரிசையில் வண்டிகள். பின்னால் வண்டிகள். ஹாரன். பங்குக்குள் செல்போனை எடுக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழேயே நின்று ஒருவர் என்னைப் படம் எடுத்தார்.

அந்தப் படம் உங்களில் யாருக்காவது ஃபார்வர்டு ஆகி வந்திருந்தால்... ஆமாம், அது நான்தான். குடித்திருக்கவில்லை. புத்தியும் பிசகவில்லை. நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் நெருப்பு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடி. என் மனைவி கையில் சீட்டைத் திறக்கிற சாவி.

எப்படி இந்த நிலைமைக்கு வந்து சேர்ந்தேன்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஒரு வருஷம் மொட்டை மாடியில் தேனீ வளர்த்தேன். ஒரு வருஷம் சோப்புக் காய்ச்சினேன். குளித்தவர்கள் எல்லாம் சொறிந்தார்கள். இந்த வருஷம் நெருப்பு.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. ஏதோ ஒரு காட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து, இரும்புத் துண்டைக் கல்லில் உரசுகிறான். பொறி தெறிக்கிறது. அந்தப் பொறியை ஒரு கறுப்புத் துணித் துண்டில் பிடிக்கிறான். துணியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை நார்க் குப்பையில் வைத்து ஊதுகிறான். குப்பென்று பற்றிக்கொள்கிறது. தீப்பெட்டி இல்லை, லைட்டர் இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்விக்கு — என் மனைவி — புல்லரிக்கவில்லை.

"சிவகாசி இந்தா இருக்கு. பஸ் ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிறலாம். இங்க உக்காந்துகிட்டு இவரு கல்லத் தட்டி நெருப்பு எடுக்கப் போறாராம்" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் கிறுக்குப் பிடித்தவனிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

கல் சுலபமாகக் கிடைத்தது. இரும்புக்குப் பழைய இரும்புக் கடையில் தேய்ந்துபோன அரம் ஒன்று. கஷ்டம் எல்லாம் அந்தக் கறுப்புத் துணியில்தான். அதைக் கடையில் வாங்க முடியாது; நாமேதான் செய்ய வேண்டும். செய்முறை கேட்பதற்கு எளிது. மூடி இறுக்கமான ஒரு சின்னத் தகர டப்பா. மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. உள்ளே பருத்தித் துணியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, அடுப்பில் வைக்க வேண்டும். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்க வேண்டும். உள்ளே காற்று இல்லாததால் துணி எரியாது, கருகிப்போய் நிற்கும். அதன்மேல் ஒரு பொறி விழுந்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

முதல் தடவை துணி கொடுத்தது அப்பாஸ் பாய். பக்கத்து வீட்டுக்காரர். டெய்லர். நகரத்துக்குள் கடை வைத்துக்கொண்டு, எங்களைப் போலவே ஒத்தக்கடைப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டி வந்தவர். ஒரு பை நிறைய வெட்டுத் துணி கொடுத்தார். டப்பாவைத் திறந்தால் உள்ளே தார் மாதிரி உருகி ஒட்டிக் கிடந்தது.

"எல்லாம் மிக்ஸு சார். சுத்தக் காட்டன எவன் தைக்கக் குடுக்கிறான்" என்றார் பாய். நாற்றம் அவர் வீட்டு மாடி வரைக்கும் போயிருந்தது. பாவம், ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் தடவை நல்ல பருத்தி பனியன். இந்தத் தடவை என் அவசரம் கெடுத்தது. புகை நின்றதும் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டேன். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாதாம். கறுப்பாக, அழகாக இருந்த துணி, காற்றுப் பட்டதும் கண் முன்னால் சிவந்து, சாம்பலாகிப் போனது. மூடி இருக்கிற வரைக்கும் சாது. திறந்தால்தான் அதற்குக் கோபம் வரும். இதை நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். எங்கே உதவியது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்பீர்கள்.

மூன்றாம் தடவைக்கு மெல்லிசான, துவைத்துத் துவைத்து நைந்துபோன, கலப்பில்லாத பருத்தி வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். நம் வீடுகளில் இப்போது பருத்தி என்று எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? போர்வை பாலியஸ்டர். தலையணை உறை பாலியஸ்டர். நான் பத்து வருஷமாகப் பருத்தி என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் வேட்டி, பாதி பாலியஸ்டர்.

கடைசியில் பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. ஒரு சுங்குடிச் சேலை. சாயம் வெளுத்து, கையில் எடுத்தால் பூ மாதிரி இருந்தது. முந்தானைப் பக்கம் நாலு விரல் அகலத்தில் கிழித்து, துண்டு போட்டேன். அந்தச் சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி, நடுவில் அந்துருண்டை வைத்திருந்தார்கள். அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்திய சேலையைப் பழந்துணி என்று நினைத்த ஆள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த டப்பா மட்டும் பிரமாதமாக வந்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. மாடியில் தனியாக உட்கார்ந்து தட்டினேன். மூன்றாவது தட்டில் பொறி பிடித்தது. தனியாக இருக்கிறவன் எத்தனை நேரம்தான் தனக்குத்தானே பெருமைப்படுவது? நாலு பேர் பார்க்க வேண்டாமா?

எனவே செவ்வாய்க்கிழமை காலை வாக்கிங்குக்கு அந்தச் சாமானை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். கல், அரம், கொஞ்சம் தேங்காய் நார், டப்பா. யானைமலை அடிவாரத்தில்தான் எங்கள் கோஷ்டி நடக்கும். அங்கே வரைக்கும் ஸ்கூட்டரில் போய், இறங்கி நடப்பது என் வழக்கம். சிரிக்காதீர்கள்.

நடை முடிந்து டீ வந்ததும் ஆரம்பித்தேன். என் நண்பன் மாணிக்கம் போனில் வீடியோ எடுத்தான். தட்டினேன். துணியில் சிவப்புப் புள்ளி வந்தது. நாரில் வைத்து ஊதினேன். தீ.

"மாப்ள, கெத்துடா. ஒருக்கா, ஒரே ஒருக்காத் தட்டு, குளோசப்பு எடுக்கணும்" என்றான் மாணிக்கம்.

கேட்க வேண்டுமா? இன்னொரு துண்டை எடுத்துத் தட்டினேன். பிடித்தது. ஆனால் நார் தீர்ந்துவிடுமே என்று யோசித்து, இந்தத் தடவை தீ மூட்டவில்லை. துணி நல்ல துணி, கால்வாசிகூட எரியவில்லை. அதையும் வீணாக்க மனசு வரவில்லை. ஓரத்தைக் கல்லில் தேய்த்து, விரலால் நசுக்கி அணைத்தேன். கறுத்துவிட்டது. டப்பாவுக்குள் மற்ற துண்டுகளோடு போட்டு மூடினேன். பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கியில் வைத்தேன். வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் செல்வி பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சுங்குடிச் சேலை.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஏழாவது மாசம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்ட, புதுத்துணி ஆகாது. குழந்தையின் தோலுக்கு உறுத்தும். துவைத்து நைந்த பழைய பருத்திச் சேலைதான் வேண்டும். நம் வீடுகளில் அதற்கென்றே ஒரு சேலையை எடுத்து வைத்திருப்பார்கள். மகளைத் தூளியில் போட்டு ஆட்டிய சேலை அது. அதிலேயே பேரப்பிள்ளையையும் போட வேண்டும் என்று இத்தனை வருஷம் அந்துருண்டை மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். வெயிலில் போடலாம் என்று அன்றைக்கு எடுத்திருக்கிறாள்.

"எந்தச் சேலைன்னு தெரிஞ்சுதான் வெட்டுனீங்களா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்னேன்: "பழசுதானே செல்வி. முந்தானையில கொஞ்சம்தானே."

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. சேலையை மடித்து உள்ளே வைத்தாள். குளித்தாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். எங்கள் வீட்டில் வண்டி ஒன்றுதான். அவளுக்கு கே.கே. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. பகலில் வண்டி அவளுடையது.

"பெட்ரோல் கம்மியா இருக்கு, போட்டுக்க" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று.

கேட் சத்தம் மட்டும் கேட்டது.

காபியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வாட்ஸப் குழுவில் மாணிக்கம் வீடியோவைப் போட்டிருந்தான். கைதட்டல் படமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தன் மாலையும் போட்டிருந்தான். மனசு கொஞ்சம் ஆறியது. இன்னொரு தடவை பார்த்தேன். நான் துணியை நசுக்குகிறேன்... டப்பாவைத் திறக்கிறேன்... உள்ளே போடுகிறேன்...

நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.

நான் நசுக்கியது ஒரு ஓரம். துணி மடிந்திருந்தது. மடிப்புக்கு அடியில், டப்பாவுக்குள் போகிற அந்த நொடியில், மிளகு அளவுக்கு ஒரு ஆரஞ்சுப் புள்ளி.

கருக்கிய துணியின் பெருமையே அதுதான். சத்தம் இல்லாமல், புகை தெரியாமல், தீ இல்லாமல் எரியும். செத்த மாதிரி இருக்கும், சாகாது. சரி, மூடிவிட்டால் காற்று இல்லாமல் அணைந்துவிடுமே என்று தோன்றியது. அப்புறம் மூடி ஞாபகத்துக்கு வந்தது. மூடியில் நான் ஆணியால் போட்ட ஓட்டை. செய்யும்போது அந்த ஓட்டை வேண்டும். செய்து முடித்ததும் அதை அடைத்திருக்க வேண்டும், அல்லது துணியை வேறு டப்பாவுக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. அந்தக் கங்கு மூச்சு விட ஜன்னல் வைத்துக் கொடுத்து, சுற்றிலும் அதற்குத் தீனியும் போட்டு, மேலே தேங்காய் நார் மெத்தை வைத்து, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வண்டியில் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில், டிக்கியை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்ரோல் போட வேண்டுமென்றால் சீட்டைத் தூக்க வேண்டும். தூக்கினால் காற்று உள்ளே போகும். பெட்ரோல் போட்டுக்க என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வெறும் கங்கு பெட்ரோலைப் பற்ற வைக்காது, தீ எழுந்தால்தான் ஆபத்து என்று அப்புறம் ஒருவர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். அந்த நேரத்தில் அதை விவாதிக்கிற நிலைமையில் நான் இல்லை. எழுந்த வேகத்தில் காபி வேட்டியில் கொட்டியது.

செல்விக்குப் போன் போட்டேன். ரிங் போனது. கட்.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை முதல் ரிங்கிலேயே கட்.

வண்டியை ஓரமாக நிறுத்தி வைத்துக்கொண்டு கட் பண்ணுகிறாளா, சிக்னலில் நிற்கிறாளா, தெரியவில்லை. என் பெயரைப் பார்க்கிறாள், கட் பண்ணுகிறாள். அது மட்டும் தெரிந்தது. 'வண்டியை நிறுத்து. சீட்டைத் திறக்காதே. உள்ளே தீ' என்று மெசேஜ் அடித்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது. இரண்டு டிக். நீலமாகவில்லை. மறுபடி போன். கட். அவளுடைய பங்க் எது என்று தெரியும்; மாட்டுத்தாவணி போகிற வழியில் எப்போதும் அங்கேதான் போடுவாள். பங்க் நம்பர்? பெட்ரோல் பங்க் நம்பரை யார் வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

காபி கொட்டிய வேட்டியோடு அப்பாஸ் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். கடைக்குக் கிளம்பத் தயாராக நின்றார். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"யா அல்லாஹ்" என்றார். "ஏறுங்க சார்."

போகும்போதே அவர் போனிலிருந்து செல்விக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் என்றால் எடுப்பாள் என்று ஒரு நம்பிக்கை. ரிங் போய்க்கொண்டே இருந்தது. இப்போது கட் பண்ணக்கூட இல்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது. கட் பண்ணினால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம் இல்லையா?

அப்பாஸ் பாய் நல்லவர். ஆனால் அவருடைய மொபெட்டை மாடு முந்திப் போகும். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி, வணக்கம் சொல்லிவிட்டு ஏறுவது போல ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்து காலால் தரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"பாய், கொஞ்சம் வேகமா..."

"இம்புட்டுத்தான் சார் போகும். துஆ பண்ணுங்க."

மேலூர் ரோட்டில் எங்கே கூட்டம் தெரிந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம். இளநீர்க் கடையில் நின்ற கூட்டம். தூரத்தில் ஒரு இடத்தில் புகை எழுந்தது. கிட்டே போனால் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? சேலையை வெட்டினதைத்தான் காலையில் பெரிய குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்க் வந்தது. வரிசையில் பச்சைச் சுடிதார், ஹெல்மெட். செல்வி. முன்னால் ஒரே ஒரு வண்டி. அடுத்தது அவள்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்... மூடிவிட்டேன். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு என்னவென்று கத்துவது? 'தீ' என்று ஒரு வார்த்தை விழுந்தால் என்ன ஆகும்? அத்தனை பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வண்டி மேல் வண்டி விழும். கையில் பெட்ரோல் குழாயோடு நிற்கிறவர்கள் குழாயை என்ன செய்வார்கள்?

மொபெட் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து ஓடினேன். முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. செல்வி இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியைச் சீட்டுப் பூட்டில் நுழைத்தாள்.

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டி முழுக்கக் காபி.

"எந்திரிங்க" என்றாள் மெதுவாக. "மானத்த வாங்காதீங்க. எதுவா இருந்தாலும் சாயங்காலம் பேசிக்கிருவோம்."

"மாட்டேன்."

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, வீட்டுச் சண்டைய வீட்ல வச்சுக்கங்கண்ணே, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். ஹாரன் அடித்தார்கள். படம் எடுத்தவர் அப்போதுதான் எடுத்தார்.

நான் அவள் காதுப் பக்கம் குனிந்தேன். "செல்வி, உள்ள கங்கு கிடக்கு. என் டப்பா. அணையல. சீட்டத் திறந்தா பத்திக்கும். சத்தம் போடாத."

நான் பொய் சொல்கிறேனா, நடிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் பார்த்த முகம். சாவியைப் பூட்டிலிருந்து உருவிக்கொண்டாள்.

பெட்ரோல் போடுகிற பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம், தலையில் தொப்பி, முப்பது வயது இருக்கும். நான் சொன்னது காதில் விழுந்துவிட்டது போல. குழாயை அதன் இடத்தில் மாட்டினாள். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "மெஷின் நின்னுருச்சு. அந்த லைனுக்குப் போங்க, அந்த லைனுக்குப் போங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் வண்டியைத் திருப்பினார்கள்.

பிறகு எங்களிடம் அதே குரலில், "ஸ்டார்ட் பண்ணாதீங்கக்கா. உருட்டிக்கிட்டே வெளிய போங்க. வலது பக்கம் காலி மனை இருக்கு. நான் வாரேன்" என்றாள்.

செல்வி ஹேண்டிலைப் பிடித்தாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அப்பாஸ் பாய் முன்னால் போய், "வழி விடுங்க, வண்டி மக்கர்" என்று ஆட்களை விலக்கினார். ஒரு குழி வந்தால்கூட உயிர் போய் வந்தது. இப்போது எனக்கு வாசனையே தெரிந்தது. நார் கருகுகிற வாசனை. சீட்டின் இடுக்கு வழியாக நூல் மாதிரி ஒரு புகை.

காலி மனையில், முள்ளுச் செடிக்கு நடுவில் வண்டியை நிறுத்தினோம். அந்தப் பெண் பங்க் சுவரில் தொங்கிய சிவப்பு வாளியோடு வந்தாள். வாளி நிறைய மணல். நான்கு பேரும் வண்டியைச் சுற்றி நின்றோம். யாரும் கிட்டே போகவில்லை.

"திறக்காம விட்டா அணைஞ்சிருமா?" என்று செல்வி கேட்டாள்.

"தெரியல."

"திறந்தா?"

"காத்துப் பட்டதும் எந்திரிக்கும்."

பனியன் கண் முன்னால் சிவந்து சாம்பலானது எனக்கு ஞாபகம் வந்தது. அது ஒரு உள்ளங்கை அளவு துணி. இது ஒரு பை. பக்கத்தில் பெட்ரோல். அதற்காக இப்படியே விட்டால் மட்டும்? புகை தடித்துக்கொண்டே வந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்றமும் சேர்ந்துவிட்டது.

"திறந்து ஒரே அடியா மண்ணக் கொட்டிருவோம்ணே" என்றாள் பங்குப் பெண்.

"சாவியக் குடு செல்வி. நீ ரோட்டுப் பக்கம் போ. பாய், இவளக் கூட்டிட்டுப் போங்க."

"நான் போக மாட்டேன்" என்றாள் செல்வி.

"சொன்னாக் கேளு."

"நீங்க மட்டும் நின்னு என்னத்தக் கிழிப்பீங்க? திறக்கவும் கை வேணும், கொட்டவும் கை வேணும். திறங்க. நான் கொட்டுறேன்." வாளியை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது. அப்படியே நின்றாள்.

சாவியைத் திருப்பினேன். சீட்டைத் தூக்கினேன்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. மஞ்சள் பையில் ஒரு கறுப்பு ஓட்டை, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். வழியில் குலுங்கியதில் டப்பாவின் மூடி கழன்று, நார் முழுக்கக் கங்காகியிருந்தது. அடுத்த நொடி அது என் முகத்துக்கு நேராகக் குப்பென்று எழுந்தது. செல்வி கொட்டினாள். மொத்த மணலும் டிக்கிக்குள். நான் இரண்டு கையாலும் அமுக்கினேன். அந்தப் பெண் என்னை இழுத்து, தரையிலிருந்த மண்ணைக் கையால் அள்ளி, மேலும் கொட்டினாள். அப்பாஸ் பாய் தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார்.

அடங்கிவிட்டது. உஸ்ஸென்று கொஞ்சம் ஆவி வந்தது, அவ்வளவுதான்.

மணலை வழித்துவிட்டுப் பார்த்தோம். பெட்ரோல் மூடியின் ஒரு பக்கம் உருகி வழிந்து, மறுபடி இறுகியிருந்தது. மூடி தாங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பங்குப் பெண் மூடியை உற்றுப் பார்த்தாள். "சாமிக்குத் தேங்கா உடைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. அப்போது வலி தெரியவில்லை.

செல்வி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து போனை எடுத்தாள். நான் போட்ட போன்கள் வரிசையாக இருந்தன. மெசேஜைத் திறந்தாள். தப்புத் தப்பாக அடித்த அந்த மூன்று வரியைப் படித்தாள். இப்போதுதான் நீல டிக் விழுந்திருக்கும்.

"ஒவ்வொரு தடவ கட் பண்ணும்போதும் எனக்கு எம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். "கெஞ்சட்டும்னு நெனச்சேன். நல்லாக் கெஞ்சட்டும்னு... பொறவு போனை சைலன்ட்ல போட்டு உள்ள வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். நானும் அழுதேன். அப்பாஸ் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யானைமலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுச் சண்டைகளில் இப்போது யாரும் தட்டை வீசுவதில்லை, கதவை அறைவதில்லை. போனை எடுக்காமல் இருக்கிறோம். கணவன் மனைவிக்கு, மகன் அப்பாவுக்கு, மாமியார் மருமகளுக்கு... ரிங் போகட்டும், தவிக்கட்டும். கையில் இருப்பதிலேயே வலிக்கிற ஆயுதம் அதுதான். நானும் எத்தனையோ தடவை அதை வீசியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் இருக்கிறவர் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சண்டைக்காகத்தான் கூப்பிடுவார் என்று முடிவே பண்ணிவிடுகிறோம்.

கை ஆறிக்கொண்டு வருகிறது. இதை ஒரு நண்பரிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் அவருடையது. கல்லையும் அரத்தையும் செல்வி பழைய இரும்புக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்லை அவர்கள் வாங்கவில்லையாம். சேலை? முந்தானைதான் போயிருக்கிறது, மிச்சம் தூளிக்கு நீளம் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பேரப்பிள்ளை வந்து தீர்ப்புச் சொன்னால்தான் உண்டு.

நேற்றுக் காலை மறுபடி ஒரு சண்டை. சின்ன விஷயம்தான், ஆனால் நன்றாகவே வளர்ந்தது. பாதியிலேயே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டுப் போட்ட கையால் அவள் நம்பரை அழுத்தினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மிச்சச் சண்டையைச் சாயங்காலம் நிம்மதியாகப் போட்டோம்.